நான்காவது தட்டு

ஐந்துக்கு ஐந்து பொருந்திவிட்டது என்ற சந்தோஷத்தில்தான் என் தம்பி அந்தச் சக்கரங்களை வாங்கினான். வண்டியில் சக்கரம் உட்காரும் இடத்தில் ஐந்து போல்ட்டு. வாங்கின சக்கரத்தில் ஐந்து ஓட்டை. இரண்டு தரம் எண்ணிப் பார்த்தானாம். அந்த ஐந்தும் எவ்வளவு பெரிய வட்டத்தில் நிற்கின்றன என்று ஒரு ஸ்கேலை வைத்துப் பார்க்க அந்தப் பெரிய மண்டைக்குத் தோன்றவில்லை. முப்பத்தாறு வயதாகிறது அவனுக்கு.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒற்றைச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு என் பட்டறை வாசலில் வந்து நின்றான். கறுப்புப் பூச்சு, ஓரத்தில் வெள்ளி வளையம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

“அக்கா, ஒரு சின்ன வேலை.”

அவன் சொல்கிற சின்ன வேலை எதுவும் சின்னதாக முடிந்ததில்லை. லேத்தை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தேன்.

“வீல் ஏற மாட்டேங்குது. ஒரு போல்ட்டுக்கு நேரா வெச்சா மத்த நாலும் முரண்டு பிடிக்குது. ஓட்டைய மட்டும் கொஞ்சம் பெருசு பண்ணிக் குடு.”

“பழைய வீல் எங்கடா?”

“போட்டுட்டேன்.”

“எங்க போட்ட?”

“பழைய இரும்புக் கடையில.” என் முகத்தைப் பார்த்துவிட்டு வேகமாகச் சொன்னான்: “ரெண்டுல வெடிப்பு இருக்குன்னு வண்டிய டெஸ்ட் பண்ற இன்ஸ்பெக்டர்தானே திருப்பி அனுப்புனாரு!”

“வெடிச்சது ரெண்டு. நாலையும் ஏன் போட்ட?”

“செட்டா குடுத்தாத்தான் எடுத்துப்பேன்னான் கடைக்காரன்.”

தலையில் அடித்துக்கொண்டேன். என் கை முழுக்க எண்ணெய், அது நெற்றியிலும் ஒட்டியது. அவன் சிரிக்கப் பார்த்தான். பிறகு சிரிக்காமல் விட்டான், அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது.

சிரிக்கும் நிலைமையில் அவன் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். பதினோரு மாதமாக வேலை இல்லை. அவன் இருந்த கிடங்கை மூடிவிட்டார்கள். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் இரண்டு ஷிப்ட் பார்த்து வீட்டை ஓட்டுகிறாள். அவள் ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை, அதுதான் அவனைத் தின்கிறது. இப்போது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஊர் முழுக்க இருக்கிற சின்ன கிளினிக்குகளிலிருந்து ரத்தக் குப்பிகளை எடுத்து வந்து கூடத்தில் சேர்க்க வேண்டும். வண்டி சொந்த வண்டியாக இருக்க வேண்டும், தகுதிச் சான்றிதழ் இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் நாள். சான்றிதழ் கொடுக்கிற சோதனை நிலையம் சனிக்கிழமை நாலு மணிக்கு மூடிவிடும். வண்டியோ சக்கரம் இல்லாமல் அவன் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நாலு ஜாக்கியின் மேல் நிற்கிறது.

“அந்த வண்டிக்கே உரிய வீல் கேட்டுப் பாத்தியா?”

“மூணு வாரம் ஆகுமாம்.”

ஓட்டையைப் பெரிது பண்ணித் தர முடியாது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டான். நட்டின் சரிவான முகம் ஓட்டையின் சரிவில் பதிந்துதான் சக்கரத்தைப் பிடிக்கிறது, ஓட்டையை நீட்டினால் நட்டு பிடிக்க இடம் இல்லை, போகிற வழியில் சக்கரம் உனக்கு முன்னால் போய்விடும் என்றேன்.

வழி ஒன்று இருந்தது. நடுவே ஒரு தட்டு. முப்பது மில்லி கனத்தில் வட்டமான அலாய்த் தட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக நாலு. ஒவ்வொன்றிலும் வண்டியின் வட்டத்துக்கு ஐந்து ஓட்டை. அவற்றின் வழியே தட்டை வண்டியோடு இறுக்கிவிடலாம். அந்த ஓட்டைகளுக்கு இடையிடையே, புதுச் சக்கரத்தின் வட்டத்துக்கு ஐந்து ஸ்டட், அதாவது தட்டிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கிற மரையாணி. சக்கரம் அந்த ஸ்டட்டில் ஏறும். தட்டு போடலாமா என்று இன்ஸ்பெக்டருக்கு அங்கேயே போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். போடலாம், ஆனால் சக்கரத்தில் மயிரிழை ஆட்டம் இருந்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றாராம்.

“செஞ்சிடுவியா, அக்கா?”

“சனிக்கிழமைக்குள்ள செய்யணும்னா செய்யணும், அவ்வளவுதான்” என்றேன்.

என் வீட்டுக்காரர் பட்டறைக்குச் சாமான் வாங்குவது, செய்த வேலையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் பார்க்கிறவர். இந்தப் பேச்சு நடந்தபோது மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். “பாத்துக்கலாம் மச்சான்” என்றார். கூரை பறந்தாலும் அவர் சொல்வது இது ஒன்றுதான். இருபது வருடமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

வியாழக்கிழமை காலை வேலையை எடுத்தேன். வண்டியின் வட்டம் நூறு மில்லி என்று வண்டியோடு வந்த புத்தகத்திலேயே இருந்தது. அது ஒரு வேலை மிச்சம். சக்கரத்தில்தான் ஒரு எழுத்தும் இல்லை, பூச்சு எல்லாவற்றையும் மூடியிருந்தது. வெர்னியரை எடுத்து ஒரு ஓட்டைக்கும் அதற்கு எதிர் ஓட்டைக்கும் நடுவே வைத்து அளந்தேன். நூற்றெட்டும், மேலே ஒரு முக்கால் மில்லியும் காட்டியது.

“நூத்தெட்டுன்னு ஒரு அளவு இருக்கா, பாருடா.”

அவன் போனில் தேடிவிட்டுத் துள்ளினான். “இருக்கு அக்கா! அஞ்சு ஓட்டை, நூத்தெட்டு. நிறைய வண்டிக்கு இதுதானாம்.”

தப்பான அளவுக்கு சாட்சி வேறு கிடைத்துவிட்டது. அந்த முக்கால் மில்லிக்கு நானே ஒரு கதை கட்டினேன். பழைய சக்கரம், ஓட்டை தேய்ந்திருக்கும், பூச்சு வேறு கனமாக இருக்கிறது என்று. அவன் சக்கரத்தை எடுத்துக்கொண்டு டயர் போடப் போய்விட்டான். நாலுக்கும் டயர் மாட்டி மறுநாள்தான் வரும் என்று டயர்க் கடையில் சொன்னார்களாம்.

நாலு தட்டும் ஒரே மாதிரி வர வேண்டும் என்பதற்காக முதலில் ஒரு அச்சுத் தட்டு செய்தேன். அதில் ஓட்டைகளைச் சுத்தமாகப் போட்டு, அதை ஒவ்வொரு தட்டின் மேலும் வைத்துக் கிளாம்பால் இறுக்கி, அதன் வழியே டிரில்லை இறக்கினேன். மத்தியானச் சாப்பாட்டை நின்றபடியே விழுங்கினேன். ஸ்டட்டுகளை பிரஸ்ஸில் வைத்து அமுக்கி ஏற்றினேன். சாயந்திரம் நாலு தட்டையும் மேசையில் வரிசையாக வைத்தபோது, சொன்னால் என்ன, எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி நாலும் ஒன்றாக இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை தட்டுகளோடு அவன் வீட்டுக் கீழ்த்தளத்துக்குப் போனோம். நீண்ட கூடம், தூண்களில் எண் எழுதியிருக்கும், தரையில் பழைய எண்ணெய்க் கறை. முதல் தட்டு வண்டியில் கச்சிதமாக ஏறியது. ஐந்து நட்டையும் இறுக்கினேன். தம்பி டயர் போட்ட சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தான். ஒரு ஸ்டட் ஓட்டைக்குள் போனது. அடுத்தது ஓட்டையின் ஓரத்தில் முட்டியது. திருப்பிப் பார்த்தோம். வேறு சக்கரத்தை எடுத்துப் பார்த்தோம். வேறு தட்டை எடுத்துப் பார்த்தோம். நாலும் ஒரே மாதிரி செய்திருந்தேன் அல்லவா, நாலும் ஒரே மாதிரி முட்டின.

சக்கரத்தைத் தரையில் படுக்க வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெர்னியரை மறுபடி ஒரு ஓட்டையில் வைத்து, நேர் எதிரே நீட்டினேன். நடுத் துளையின் மையம் வழியாக நேராக நீட்டினேன். எதிரில் ஓட்டையே இல்லை. இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில் இருக்கிற வெறும் உலோகம்தான் இருந்தது.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பத்தொன்பது வருடமாக நான் செய்வது பம்புக்கும் குழாய்க்கும் போடுகிற இணைப்பு வளையங்கள், ஃபிளேஞ்சுகள். அவற்றில் ஓட்டை நாலு இருக்கும், எட்டு இருக்கும், பன்னிரண்டு இருக்கும். எந்த ஓட்டைக்கும் நேர் எதிரே இன்னொன்று இருக்கும், குறுக்கே அளந்தால் வட்டத்தின் அளவு வந்துவிடும். கை அதற்கே பழகிப்போயிருந்தது. ஐந்து ஓட்டையில் எதிர் என்பதே கிடையாது. நான் எதிர் என்று நினைத்து அளந்தது கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கிற ஓட்டை, அதனால் அளவு குறைந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் படம் போட்டுக் காட்டினால் புரிந்துவிடும். இன்னும் வயிற்றெரிச்சல் என்னவென்றால், புத்தகத்தை நம்பாமல் வண்டிப் பக்கத்தையும் அதே மாதிரி அளந்திருந்தால் நூறுக்குப் பதில் தொண்ணூற்றைந்து காட்டியிருக்கும், அங்கேயே பிடிபட்டிருக்கும்.

அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே அளந்து கணக்குப் போட்டேன். நூற்றுப் பதினாலு, புள்ளி மூன்று.

“என்னக்கா?”

“தப்பா அளந்துட்டேன்.”

அவன் என் கையிலிருந்த வெர்னியரைப் பார்த்தான். பிறகு, “நானாச்சும் எண்ணித்தான் பாத்தேன். நீ அளந்து பாத்துமா?” என்றான்.

வேறு நாளாக இருந்தால் ஸ்பானரை எறிந்திருப்பேன். அன்று அவன் சொன்னது நியாயம்.

“எவ்ளோ தப்பு?”

“பக்கத்துக்கு மூணு மில்லி.”

“மூணு மில்லிதானே அக்கா! வீல் ஓட்டைய உள்பக்கமா மூணு மில்லி அராவிட்டா ஏறிடும். அந்த நட்டு மேல உக்காந்துட்டா யாருக்குத் தெரியப்போகுது?”

“உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். எண்பதுல போறப்ப வீலுக்கும் தெரியும்.”

“நாளைக்கு நாலு மணி அக்கா.” அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “இந்த வேலையும் போச்சுன்னா நான் அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

இவனுக்குக் கோபம் வந்தாலாவது நான் பதிலுக்குக் கத்தலாம். கெஞ்சினால் எனக்குத் தாங்காது.

“எந்திரி” என்றேன். “நாளைக்கு நாலு மணிக்குள்ள நாலு தட்டு. புதுசா. கெளம்பு.”

அந்தத் தட்டுகளையே திருத்த முடியாது. புது ஓட்டை போட வேண்டிய இடத்தில் பழைய ஓட்டை பாதி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். பட்டறையில் மிச்சமிருந்த அலாய்க் கட்டையை அளந்தேன், இந்த முறை மூன்று தரம். அறுக்கிற கழிவு போக எண்ணி நாலு தட்டு வரும். ஒன்று கெட்டால் ஐந்தாவதுக்குக் கட்டை இல்லை. வீட்டுக்காரர் வந்து பழைய நாலு தட்டையும் ஒரு பார்வை பார்த்தார், என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். பாத்துக்கலாம் என்று சொல்ல வாயைத் திறந்தவர், சொல்லாமல் அறுக்கிற இயந்திரத்தின் பக்கம் போய்விட்டார். அன்று முழுக்க கட்டையை அறுத்துக் கொடுத்தது அவர்தான்.

தம்பியும் போகவில்லை. உலோகச் சீவல்களை வாரிக் கொட்டினான், எண்ணெய் ஊற்றினான், ஸ்டட்டுகளைத் துடைத்து வரிசையாக வைத்தான். இடையிடையே கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு கட்டத்தில் எழுந்து போய்க் கடிகாரத்தை நானே கழற்றி அலமாரிக்குள் வைத்தேன். வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் புது அச்சுத் தட்டும், வட்டமாகக் கடைந்த நாலு வெறும் தட்டும் தயார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு டிரில்லைத் தொடங்கினேன்.

முதல் தட்டு ஒன்பதரைக்கு முடிந்தது. தம்பி அதை எடுத்துக்கொண்டு ஓடினான், வண்டியில் மாட்டி, சக்கரத்தை ஏற்றிப் பார்த்துவிட்டு போன் பண்ணினான்.

“அக்கா, ரெண்டு விரல்ல தள்ளுனேன். உள்ள போயிடுச்சு!”

அவன் குரலைக் கேட்டு எனக்குக் கையில் புது பலம் வந்தது. இரண்டாவது பதினொன்றேகாலுக்கு. அதுவும் இரண்டு விரலில் போனதாம். மூன்றாவது ஒரு மணிக்கு. அதற்குள் அலாய்க் கட்டை விற்கிற உலோகக் கடை பன்னிரண்டு மணிக்கே கதவை இறக்கிவிட்டது, இனி திங்கட்கிழமை எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள்.

நான்காவது தட்டில் நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். ஸ்டட்டுக்கான ஐந்தில் மூன்று ஓட்டை போட்டாயிற்று. அடுத்த ஓட்டைக்கு முன் கிளாம்பை ஒரு தரம் இறுக்கிப் பார்க்க வேண்டும். முதல் மூன்று தட்டிலும் பார்த்தேன். இதில் பார்க்கவில்லை, அலமாரியைத் திறந்து மணியைப் பார்த்தேன். டிரில் இறங்கியபோது அச்சுத் தட்டு லேசாக அசைந்ததைக் கை உணர்ந்தது. உணர்ந்தும் நிறுத்தவில்லை. ஒன்றும் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஐந்தாவது ஓட்டையையும் போட்டேன், ஸ்டட்டை ஏற்றினேன், தட்டைக் கோணிச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஓடினேன். அளந்து பார்க்கவில்லை. அளந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

கீழ்த்தளத்தில் மூன்று சக்கரம் ஏறி வண்டி கம்பீரமாக நின்றது. மணி இரண்டரை. சோதனை நிலையத்துக்கு இருபது நிமிடம். நான்காவது தட்டை இறுக்கினேன். தம்பி சக்கரத்தைத் தூக்கிக் கொடுத்தான். மூன்று ஸ்டட் போனது. மற்ற இரண்டும் ஓட்டை வாயில் உரசி நின்றன. கொஞ்சம்தான். நகத்தின் கனம்கூட இருக்காது. நான் உள்ளங்கையால் டயரை ஒரு தட்டு தட்டினேன். இன்னொரு தட்டு. சக்கரம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

“நட்டைக் குடு” என்று கையை நீட்டினேன்.

அவன் கொடுக்கவில்லை.

“மத்த மூணுக்கும் தட்டலையே அக்கா” என்றான். “இதுக்கு மட்டும் ஏன் தட்டுற?”

“கொஞ்சம் டைட்டு. அதனாலென்ன, குடு.”

“ரெண்டு விரல்ல போச்சு மத்ததெல்லாம்.”

“டேய், நேரமில்லடா. இது போதும். அரை மில்லி. இன்ஸ்பெக்டர் பாத்தாலும் தெரியாது. அடுத்த வாரம் நானே வேற தட்டு செஞ்சு மாத்திக் குடுக்கிறேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்ததை என் காது கேட்டது. யாருக்குத் தெரியப்போகிறது என்று நேற்று அவன் சொன்னதற்கு அப்படிக் குதித்தவள் நான். அவன் கெஞ்சியதற்கு மனம் கரைந்து, அவனுக்கு வேலை போய்விடக் கூடாது என்று, பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டு, தப்பென்று தெரிந்த தட்டின் மேல் என் கூடப் பிறந்தவனை ஏற்றி அனுப்பப் பார்த்தேன். நட்டுக்கு நீட்டிய கையைக் கீழே போட எனக்குத் தெம்பில்லை, அப்படியே நீட்டிக்கொண்டிருந்தேன்.

தம்பி நட்டுகளைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனை எடுத்தான். பரிசோதனைக் கூடத்தில் வண்டிகளைக் கவனிக்கிற மேடத்தின் எண். நான் கேட்க வேண்டும் என்றோ என்னவோ ஸ்பீக்கரில் சத்தமாக வைத்தான்.

“மேடம், திங்கக்கிழமை ஆறு மணிக்கு என்னால வர முடியாது. வண்டி ரெடியாகல.”

“இன்னிக்கு ரெடியாயிடும்னு சொன்னீங்களே?”

“மூணு வீல் சரியா இருக்கு மேடம். ஒண்ணு சரியில்ல.”

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம். “அந்த ரூட்ட நான் வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். தெரியுமில்ல? ரத்தம் காத்திருக்காது.”

“தெரியும் மேடம்.”

“சரி” என்று அவர் வைத்துவிட்டார்.

தம்பி சக்கரத்தைக் கழற்றி எடுத்து, தரையில் பட்டுக் கீறல் விழாமல் மெதுவாகப் படுக்க வைத்தான். பதினோரு மாதம் காத்திருந்து கிடைத்ததை அரை நிமிடத்தில் விட்டுவிட்டான். எனக்கு அழுகை வந்தது. அடக்கவும் இல்லை. வண்டியில் சாய்ந்துகொண்டு அழுதேன்.

“ஏன் அழற? நான்தானே அழணும்” என்றான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. பிறகு, “உலோகக் கடை எத்தனை மணிக்குத் தொறப்பான்?” என்று கேட்டான்.

திங்கட்கிழமை எட்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் கடைக் கதவின் முன் நின்றோம். அவனுக்குக் கிடைத்த வழித்தடத்தில் வேறு யாரோ இரண்டு மணி நேரமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். கதவு ஏறியதும் கட்டையை வாங்கிக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வந்தோம். அந்த ஒரு தட்டை நான் என் பெண்ணுக்குத் தலை பின்னுகிற மாதிரி பொறுமையாகச் செய்தேன். ஒவ்வொரு ஓட்டைக்கும் முன்னால் கிளாம்பை இறுக்கினேன். ஒவ்வொரு ஓட்டைக்கும் பின்னால் அளந்தேன். வீட்டுக்காரர் இரண்டு தரம் டீ கொண்டுவந்து வைத்தார், இரண்டும் ஆறிப்போயின.

பதினொன்றரைக்குக் கீழ்த்தளத்தில் தம்பி சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, இரண்டே விரலால் தள்ளினான். உள்ளே போனது. நட்டுகளைப் பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தான்.

இன்ஸ்பெக்டர் நாலு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிவிட்டு, குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தார். “எங்க வாங்குனீங்க இந்தத் தட்டை?” என்று கேட்டார்.

“வாங்கல சார். இதோ நிக்கறாங்களே, எங்கக்கா செஞ்சது” என்றான்.

அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

சான்றிதழ் கையில் வந்ததும் தம்பி அந்த மேடத்துக்குப் போன் போட்டான். வழித்தடம் வேறு ஆளுக்குப் போய்விட்டது, பெயர் பட்டியலில் இருக்கிறது, தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றார்.

“நீங்க கூப்பிட வேண்டாம் மேடம்” என்றான் தம்பி. “நாளைக்கு ஆறு மணிக்கு வண்டியோட உங்க வாசல்ல நிப்பேன். யாராச்சும் வரலைன்னா நான் போறேன். எல்லாரும் வந்துட்டா வீட்டுக்குப் போயிடுறேன். மறுநாளும் வருவேன்.”

“எத்தனை நாளைக்கு?”

“வேலை கிடைக்கிற வரைக்கும்.”

அவர் சிரித்தாரா பெருமூச்சு விட்டாரா என்று தெரியவில்லை. “வந்து நில்லுங்க. உங்க இஷ்டம்” என்றார்.

ஐம்பது கிலோமீட்டர் ஓடினதும் நட்டுகளை ஒருமுறை இறுக்க வேண்டும் என்று அவனிடம் சொன்னேன்.

“ஓடறதுக்கு முதல்ல வேலை வேணுமே” என்றான்.

“ஏறு. இப்பவே ஓட்டிட்டு வருவோம்.”

நெடுஞ்சாலையில் எண்பதில் போனான். நான் பக்கத்தில் உட்கார்ந்து காலுக்குக் கீழே தரையைக் கவனித்தேன், கதவைக் கவனித்தேன், அவன் கையிலிருந்த ஸ்டியரிங்கைக் கவனித்தேன். எதுவும் நடுங்கவில்லை. திரும்பி வந்து இருபது நட்டையும் இறுக்கினேன்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு அவன் வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றது. எல்லா ஓட்டுநரும் வந்துவிட்டார்கள், இவனுக்கு வேலை இல்லையாம். புதன்கிழமையும் ஏழு மணிக்கு வந்தான். அன்று கொஞ்சம் மழை, மழையில் அரை மணி நேரம் வெளியிலேயே நின்றிருக்கிறான், தலை ஈரம். துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை ஏழாயிற்று, எட்டாயிற்று. ஒரு பெரிய ஃபிளேஞ்ச் லேத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, என் காது வாசலிலேயே இருந்தது. ஒன்பது மணிக்கு இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்து தெருவின் இரண்டு முனையையும் பார்த்தேன். பால் வண்டி ஒன்று போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். என் தம்பியின் கறுப்புச் சக்கரங்கள் எங்கும் இல்லை. வெறும் தெருவைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.